உற்றவனும் உற்றாரும்

தமிழில் ‘உறு’ என்னும் வினையடி பல கிளைகளாகப் பிரிந்து வளர்ந்துள்ளது. நோயடைந்தவனைத் திருவள்ளுவர் உற்றவன் என்கிறார். நெருங்கிய சுற்றத்தாரையும் நண்பரையும் உலக வழக்கு உற்றார் என்று குறிக்கிறது. துன்பம் வந்து சேர்தலையும் மனிதர் வந்து சேர்தலையும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள் உணர்த்துதல் எண்ணிப் பார்த்தற்குரியது. நோயை உற்றவன் ஒருபுறம்; அவனை உற்றவர் மறுபுறம். இவ்விருவரையும் இணைக்கும் பாலம் ஒன்று உண்டு. அது, உற்றதை வாய்திறந்து உரைத்தல்.

புற்றுநோய் போன்ற கொடிய பிணி ஒருவர்க்கு வந்துற்றபோது, அதனை அவர் தம் நண்பர்க்கு உரைத்தல் வேண்டுமா, மறைத்தல் வேண்டுமா? இவ்வினாவிற்குத் தமிழர் வாழ்வில் இரு விடைகள் நிலவுகின்றன. ஒன்று, பழைய இலக்கியம் தந்த விடை. மற்றொன்று, இருபதாம் நூற்றாண்டுத் திரைப்படம் தந்த விடை. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று முரணானவை. இவற்றுள் எது வாழ்விற்கு உதவுவது என்று சீர்தூக்கிப் பார்ப்பது இலக்கியத் திறனாய்வின் கடமைகளுள் ஒன்றாகும்.

மலைத்தோட்டமும் மறைக்கப்படும் நோயும்

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங் நகரைக் கடந்து மேலேறினால் கியா பார்ம் என்னும் சிற்றூர் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். ஒருபுறம் காய்கறித் தோட்டங்களும் சந்தையும். மறுபுறம் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகள். 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது முதல், இம்மலையின் பசுமைக்குப் பின்னே தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு இருந்து வந்துள்ளது. இன்று கொழுந்தெடுப்போரில் அயல்நாட்டவர் பலராயினும், லயங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களின் நினைவில் அத்தோட்ட வாழ்வு அழியாமல் நிற்கிறது.

லயத்து வாழ்வில் மறைவு என்பது அரிது. ஒரே சுவர் இரு வீட்டிற்குப் பொதுவானது. ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டில் கேட்கும். ஒரு வீட்டுக் குழம்பின் மணம் மூன்று வீட்டிற்குத் தெரியும். பிறப்பும் திருமணமும் கடனும் சண்டையும் மறுநாள் விடியலில் பெரட்டுக்களத்தில் பேச்சாகிவிடும். ஆயினும், இத்தகைய வெளிப்படையான வாழ்விலும் ஒரு பெண் தன் மார்பில் தென்பட்ட கட்டியை மாதக்கணக்கில் மறைத்து வைத்துவிடக்கூடும். நாணம், அச்சம், கணவன் என்ன சொல்வானோ என்னும் தயக்கம், நாட்டு மருந்தில் கரைந்துவிடும் என்னும் நம்பிக்கை, வேலைக்குப் போகாவிடில் கூலி குறையும் என்னும் கணக்கு ஆகிய அனைத்தும் அவள் வாயை அடைத்துவிடுகின்றன.

இம்மௌனத்தின் விலை சிறிதன்று. 2012 முதல் 2016 வரையிலான மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம் நிலையிலோ நான்காம் நிலையிலோதான் கண்டறியப்பட்டனர். தொடக்கத்திலேயே காணப்பட்டால் பெரும்பாலும் குணமாகக்கூடிய நோய், முற்றிய பின்னரே மருத்துவர் முன் வருகிறது. மலைவாசிக்கு இடரும் கூடுதல். சிறப்பு மருத்துவம் வேண்டுமாயின் ஈப்போவிற்கோ கோலாலம்பூருக்கோ மலையிறங்கிச் செல்லுதல் வேண்டும். வளைந்து நெளிந்த அப்பாதையில், மருந்தேற்றிக்கொண்டு குமட்டலோடு திரும்பும் ஒருத்திக்குப் பக்கத்து இருக்கையில் துணை ஒருத்தி இருப்பதும் இல்லாததும் வேறு வேறு நிலைகள். அத்துணை கிடைக்க வேண்டுமாயின், முதலில் அவள் சொல்லியிருத்தல் வேண்டும்.

மருந்தின் நான்கு கூறுகள்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவம் என்பதை நான்காகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிலிருந்து பணிசெய்வோன் என்பன அந்நான்கு. ஆயுர்வேத நூலாகிய சரக சங்கிதையும் இதே நான்கினைக் கூறுகிறது. எனவே, இது பண்டை மருத்துவ மரபு முழுமைக்கும் பொதுவான கொள்கை எனலாம். மருந்தையும் மருத்துவனையும் மட்டும் எண்ணும் இன்றைய மனப்பாங்கிற்கு, நோயாளியின் அருகே நிற்பவனும் மருத்துவத்தின் ஒரு பாகமே என்னும் கருத்து ஒரு திருத்தமாக அமைகிறது.

இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றையும் மேலும் நந்நான்காக விரித்துப் பதினாறாக்குகிறார். இவ்விரிவில்தான் இக்கட்டுரைப் பொருளின் உயிர்நாடி உள்ளது. நோயாளியிடம் இருக்க வேண்டிய நான்கு பண்புகளாக அவர் சுட்டுவனவற்றுள், பொருள் உடைமையும், மருத்துவன் சொல்வழி நடத்தலும், மருந்தினால் வரும் துன்பத்தைத் தாங்குதலும் எவரும் எதிர்பார்க்கத்தக்கவை. எஞ்சிய ஒன்று, தன் நோயின் நிலையை எடுத்துணர்த்தும் திறன். உரைத்தலை ஓர் ஆற்றலாக, நோயாளிக்குரிய தகுதியாக, உரையாசிரியர் வைத்துள்ளமை வியத்தற்குரியது. சொல்ல அறியாத நோயாளி, மருத்துவத்தின் ஒரு பகுதியைத் தானே வெட்டியெறிந்தவன் ஆகிறான்.

பரிமேலழகர் இவ்வுணர்த்துதலை மருத்துவனை நோக்கியதாகவே கருதியிருக்கக்கூடும். எனினும், அருகிலிருப்போனும் மருந்தின் ஒரு கூறே என்று ஏற்றபின், அவனுக்கு உணர்த்தாமல் மருத்துவம் எவ்வாறு நிறைவுறும்? அருகிலிருப்போனுக்கு அவர் வகுக்கும் நான்கு பண்புகளும் நோக்கத்தக்கவை. நோயாளியிடம் அன்பு, மனமும் சொல்லும் உடலும் தூயனவாதல், சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறமை, அறிவு என்பன அவை. இவற்றுள் அறிவுரை கூறுதல் இடம்பெறவில்லை. நோயாளியைக் காண வருவோர் பலர், கேள்விப்பட்ட மூலிகைகளையும் எங்கோ ஒருவர் பிழைத்த கதைகளையும் முன்வினைப் பயன் பற்றிய விளக்கங்களையும் அள்ளிக் கொட்டிவிட்டுச் செல்கின்றனர். அன்னோர்க்கு இவ்வுரைப்பகுதி நல்லதொரு பாடமாகும். சொன்னதைச் செய்வதே நண்பன் கடமை. சொல்லாததைச் செய்யச் சொல்வது அவன் வேலையன்று.

நட்பைப் பற்றிக் குறள் ஐந்து அதிகாரங்கள் வகுத்துள்ளது. அவற்றுள் ஒரு குறள், இடுப்பிலிருந்து ஆடை நழுவும்போது அதைப் பற்றப் பாயும் கையோடு நட்பை ஒப்பிடுகிறது. தமிழாசிரியர் எவரும் வகுப்பில் விளக்காமல் விடாத உவமை இது. கை, ஏவலை எதிர்பாராமல் விரைகிறது என்பதே வழக்கமான விளக்கம். ஆனால், அக்கை விரைவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. ஆடை நழுவுவது கைக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். ஓருடலில் அது நொடியில் தெரிந்துவிடும். ஈருடலுக்கு இடையே அவ்வுணர்ச்சியைக் கொண்டுசெல்வது சொல் ஒன்றே. சொல்லப்படாத துன்பத்திற்கு எந்தக் கையும் விரைய இயலாது. நட்பின் வேகத்தைப் புகழ்ந்த குறள், அவ்வேகத்திற்கு வேண்டிய செய்தியை நோயாளியின் பொறுப்பில் விட்டிருக்கிறது என்று கொள்ளுதல் பொருந்தும்.

அதே அதிகாரத்தின் மற்றொரு குறள் நண்பனின் பணியை மூன்றாகப் பகுக்கிறது. அழிவுதரும் வழியிலிருந்து விலக்குதல், நல்வழியில் செலுத்துதல், அழிவு தவிர்க்க முடியாததாய் வரும்போது உடனிருந்து துன்பத்தைத் தானும் நுகர்தல் என்பன அம்மூன்று. இறுதிப் பணியின் அருமையை உணர்தல் வேண்டும். நண்பன் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவான் என்று வள்ளுவர் வாக்களிக்கவில்லை. சரிசெய்ய இயலாத இடத்தும் அவனுக்கு ஒரு பணி உண்டு என்கிறார்.

சோழன் ஒதுக்கிய இடம்

அறநூல் கூறிய இக்கருத்தைப் புறநானூறு ஒரு வாழ்க்கை வரலாறாகவே காட்டுகிறது. உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு நேர்ந்த பகையால் மனம் நொந்து வடக்கிருந்தான். உண்ணாநோன்பால் உயிர்விடும் அம்முடிவை அவன் ஒளிக்கவில்லை. பாண்டிய நாட்டிலிருந்த பிசிராந்தையார் என்னும் புலவர் வருவார் என்று கூறி, அவருக்காகத் தன்னருகே இடம் ஒதுக்கச் செய்தான். இருவரும் அதுகாறும் நேரிற் கண்டதில்லை. சூழ இருந்தோர் ஐயுற்றனர். புலவரோ வந்தார், அவ்விடத்தில் அமர்ந்தார்.

இந்நிகழ்ச்சி, காணாமலே வளர்ந்த நட்பின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அது சரியே. எனினும், மற்றொரு கோணமும் உண்டு. நண்பர் வருவதற்கு முன்னரே இடத்தை ஒதுக்கியவன் அரசன். சாவை எதிர்நோக்கியவன், ‘என் துயரம் அவரைத் தாக்கலாகாது, அவர் அறியாமலே நான் மறைவேன்’ என்று எண்ணவில்லை. தன் இறுதி நாள்களில் நண்பருக்குப் பங்குண்டு என்று துணிந்தான். நட்பைக் காட்டியவர் வந்த புலவர் மட்டுமல்லர். இடம்விட்டு அமர்ந்த அரசனும் நட்பையே காட்டினான்.

பொத்தியார் வரலாறு இதன் மறுபக்கம். அவரும் உடனிருக்க விழைந்தார். அவர் மனைவி கருவுற்றிருந்தமையால், மகன் பிறந்த பின் வருக என அரசன் அவரை அனுப்பினான். அரசனற்ற உறையூரைக் கண்டு கலங்கிய அவர், பின்னர் மீண்டு வந்து நடுகல்லின்முன் தமக்கோர் இடம் கேட்டார். நோயுற்றோர்க்கும் நண்பர்க்கும் இடையே நிகழ வேண்டிய நுட்பமான பங்கீடு இங்கே காணப்படுகிறது. எவர் இப்போது அருகிலிருக்கலாம், எவர் தம் இல்லத்துக் கடமையை முடித்து வரலாம் என்பதைத் துன்புறுபவனே முடிவு செய்கிறான். உரைத்தல் என்பது எல்லாரையும் ஒருசேர அழைத்துத் துயரத்தை அவர்மேல் ஏற்றுதல் என்று பொருள்படாது. அவரவர்க்கு உரிய பங்கை அளந்து தருதலும் அதில் அடங்கும்.

வடக்கிருத்தல் தானே மேற்கொண்ட சாவு. நோய் தானே வந்து பற்றுவது. இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது. உடன் உயிர்விடுதலை இக்காலத்து நட்பிற்கு இலக்கணமாகக் கொள்ளுதலும் தகாது. இன்றைய பிசிராந்தையார் உயிர்துறக்க வேண்டியதில்லை. மருத்துவமனையின் நெடிய நடைவழியில், எண் அழைக்கப்படும்வரை, ஒதுக்கப்பட்ட இருக்கையில் அமர்ந்திருந்தால் போதும்.

திரைப்படம் கற்பித்த மறைப்பு

தோட்டத் திடல்களில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில், தேயிலை மலைகளிலும் பால்மரக் காடுகளிலும் வாழ்ந்த தமிழர்க்குப் புறநானூற்றைவிட நெருக்கமான இலக்கியம் திரைப்படமே. புற்றுநோய் என்னும் சொல்லையும் பலர் முதன்முதலில் அங்கேயே கேட்டிருப்பர். ஆகவே, இந்நோயைத் தமிழ்த் திரைப்படம் எவ்வாறு காட்டியது என்பது, மக்கள் மனப்பாங்கை உருவாக்கிய ஒரு காரணமாக ஆராயத்தக்கது.

1962-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ இவ்வகையில் முன்னோடி. கதை பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்கிறது. புற்றுநோய்க்கு ஆளான வேணுவை அவன் மனைவி சீதா அங்குக் கொண்டுவருகிறாள். மருத்துவன் முரளியோ அவளை முன்பு காதலித்தவன். தான் பிழைக்காவிடில் அவள் முரளியை மணத்தல் வேண்டும் என்று வேணு வெளிப்படையாகக் கூறுகிறான். முரளி இரவும் பகலும் உழைத்து வேணுவைக் காப்பாற்றுகிறான். அவ்வுழைப்பின் மிகுதியால் தான் மடிகிறான். இதைத் தியாகக் கதையாகக் கொண்டாடுவது வழக்கம். கூர்ந்து நோக்கினால் வேறொன்றும் புலப்படும். தன் சாவைப் பற்றிப் பேசத் துணிந்த நோயாளி வாழ்கிறான். தன் துயரத்தையும் சோர்வையும் எவரிடமும் பகிராத மருத்துவன் மாள்கிறான். இயக்குநர் இதைக் கருதினாரோ இல்லையோ, கதையின் அமைப்பு இதனையே சொல்கிறது.

1965-இல் வெளிவந்த ‘நீர்க்குமிழி’ கே. பாலசந்தர் தம் நாடகத்தைத் தாமே திரைக்குக் கொண்டுவந்த படம். அவர் இயக்கிய முதற்படமும் அதுவே. அதில் நாகேஷ் ஏற்ற சேது என்னும் நோயாளி, நோயாளர் கூடத்தையே கலகலப்பாக்கி, அங்குள்ளோர் இன்ப துன்பங்களில் தலையிட்டு, அயலாரை உறவாக்குகிறான். நோய், மனிதனைத் தனிமைப்படுத்துவதற்கு மாறாக, ஒருவர்க்கொருவர் அறிமுகமற்ற பலரை ஒரு சிற்றூராகச் சேர்த்துவைக்கும் என்னும் உண்மையை அப்படம் உணர்த்தியது. 1971-இல் ரிஷிகேஷ் முகர்ஜி இந்தியில் எடுத்த ‘ஆனந்த்’ படத்தின் நாயகன் இன்னும் ஒருபடி மேலே செல்கிறான். தன் நாள்கள் எண்ணப்பட்டவை என்று அறிந்தும், அறிந்ததை மறைக்காமலும், ஒவ்வொரு நாளும் புதிய நண்பரைத் தேடிக்கொள்கிறான்.

ஆனால், 1980-களின் தொடக்கத்தில் வேறொரு வாய்பாடு வேரூன்றியது. 1982-ஆம் ஆண்டில் மட்டும் இரு பெரும் வெற்றிப் படங்கள் அதனைப் பின்பற்றின. ஆர். சுந்தர்ராஜனின் ‘பயணங்கள் முடிவதில்லை’ ஒன்று. தெலுங்குப் ‘பிரேமாபிஷேகம்’ படத்தின் தழுவலாகிய ‘வாழ்வே மாயம்’ மற்றொன்று. இரண்டிலும் நாயகன் தனக்குப் புற்றுநோய் என்று அறிகிறான். தன்னை நேசிக்கும் பெண்ணிடம் அதைச் சொல்லாமல், அவள் தன்னை வெறுக்குமாறு நடந்துகொள்கிறான். அவள் வேறொருவனோடு வாழட்டும் என்பது அவன் கருத்து. பாடல்களின் இனிமையாலும் நடிப்பின் ஆற்றலாலும் இவ்விரு படங்களும் மக்கள் நெஞ்சில் நிலைத்துவிட்டன. அவற்றின் கலைத்தரத்தை மறுத்தல் இங்கு நோக்கமன்று. அவை அறமாக முன்வைத்த கருத்தே ஆராயத்தக்கது.

முதலாவதாக, மறைப்பு தனியே நிற்பதில்லை. அது பொய்யைத் துணைக்கு அழைக்கிறது. நோயை மறைக்க வேண்டுமாயின் அன்பையும் மறைக்க வேண்டும். அன்பை மறைக்க வேண்டுமாயின் கொடுமையாக நடிக்க வேண்டும். இரண்டாவதாக, நேசிப்பவளின் வாழ்வு பற்றிய முடிவை, அவளைக் கேளாமலே நாயகன் எடுத்துவிடுகிறான். உடனிருந்து துயர்ப்படும் உரிமையை வள்ளுவர் நட்பின் சிறப்பாகக் கூறினார். அவ்வுரிமையே அவளிடமிருந்து பறிக்கப்படுகிறது. உண்மை தெரிய வரும்போது அவளுக்குக் கிடைப்பது, ஆற்றொணாத குற்றவுணர்ச்சி.

மூன்றாவது உண்மை கலையமைப்பைச் சார்ந்தது. இப்படங்களில் நோயின் செய்தி முற்றிலும் மறைக்கப்படவில்லை. அரங்கில் அமர்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கு அது சொல்லப்படுகிறது. காதலிக்கு மட்டும் மறைக்கப்படுகிறது. நாயகனின் துயரத்தைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர்களாகப் பார்வையாளர் அமர்த்தப்படுகின்றனர். அவர்கள் அழுகின்றனர்; அவன் தனியனல்லன் என்னும் மயக்கம் உண்டாகிறது. வாழ்க்கையிலோ அத்தகைய அரங்கம் இல்லை. திரைநாயகனைப் பின்பற்றி நோயை மறைக்கும் தோட்டத்துப் பெண்ணைப் பார்த்துக் கண்ணீர் விட எவரும் இருட்டில் அமர்ந்திருக்கவில்லை. அவள் மௌனம் உண்மையான மௌனம். திரையில் தியாகமாகத் தோன்றியது, வீட்டில் தனிமையாக முடிகிறது.

மருத்துவ உலகம் கண்ட மாற்றம்

மறைப்பைத் திரைப்படத்தின் குற்றமாக மட்டும் கூறுதல் நேர்மையாகாது. அக்காலத்து மருத்துவரே பெரும்பாலும் அவ்வாறுதான் நடந்தனர். 1961-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் மருத்துவரிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்றில், நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் புற்றுநோயை நோயாளியிடம் கூறாதிருக்கவே விரும்பினர். 1979-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நூற்றுக்குத் தொண்ணூற்றெழுவர் கூறுதலையே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தொழிலின் மனச்சான்றே திரும்பிவிட்டது. மருத்துவம் முன்னேறியதும், நோயாளியின் உரிமை பற்றிய எண்ணம் வளர்ந்ததும் அதற்குக் காரணங்கள்.

அதே காலப்பகுதியில், 1978-இல், அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொண்டாக் நோயைப் பற்றிய உருவகங்களை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். புற்றுநோயைச் சாபமாகவும் இழிவாகவும் காட்டும் மொழியே நோயாளியை வாயடைக்கச் செய்கிறது என்பது அந்நூலின் வாதம். அவரும் அந்நோய்க்கு ஆளாகி மருத்துவம் செய்துகொண்டவரே. எனினும், அந்நூலில் தம் நோயைப் பற்றி அவர் பேசவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், 1989-இல் வெளியிட்ட அடுத்த நூலில்தான் அதைக் குறிப்பிட்டார். மௌனத்தை எதிர்த்து எழுதியவர்க்கே தன்நோய் உரைத்தல் எளிதாயில்லை எனின், லயத்து வீட்டில் வாழ்பவளைக் குறைகூறுதல் எவ்வாறு தகும்?

தமிழகத்திலும் இவ்வரலாற்றிற்கு ஓர் அதிகாரம் உண்டு. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரத்தைத் தம் வீட்டிற்குள் பூட்டிவைக்கவில்லை. இந்நோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று ஊரறியப் பேசினார். தீராத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டோரிடம் வாதாடினார். 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு அதனைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அங்கே சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021-இல் மறையும்வரை அந்நிறுவனத்திற்கே வாழ்வை அளித்தார். ஒருவர் வெளிப்படுத்திய துயரமே பல்லாயிரவர்க்குப் புகலிடமாயிற்று.

பேரறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆளாகி, 1968-இல் நியூயார்க் நகரில் அறுவை மருத்துவம் பெற்றுத் திரும்பினார். அதன் பின்னரும் அவர் மக்களிடமிருந்து விலகி மறையவில்லை. 1969 சனவரி 14-ஆம் நாள், மறைந்த தம் நண்பர் கலைவாணர் என். எஸ். கிருட்டிணனின் சிலையைச் சென்னை தியாகராய நகரில் திறந்துவைத்தார். அவ்வாண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் உயிர்நீத்தார். நலிந்த உடலோடு அவர் வெளிவந்து ஆற்றிய இறுதிப் பணிகளுள் ஒன்று நட்பிற்குச் செய்த சிறப்பாக அமைந்தது குறிப்பிடத்தக்கது.

கூட்டாளி என்னும் சொல்

மலேசியத் தமிழர் பேச்சுவழக்கில் நண்பனைக் குறிக்கப் பெரிதும் வழங்குவது கூட்டாளி என்னும் சொல். தமிழகத்தில் இது பெரும்பாலும் தொழிற்பங்காளியைக் குறிக்கும். கூட்டாக உழைத்து, கூட்டாக உண்டு, கூட்டாகத் துன்புற்ற தோட்ட மக்கள், நட்பையும் ஒருவகைப் பங்காகவே கண்டனர் போலும். பங்கு என்றால் இன்பத்திலும் உண்டு; இழப்பிலும் உண்டு. இழப்பை மறைக்கும் பங்காளியை எந்தக் கூட்டுத் தொழிலும் பொறுக்காது. நோயை மறைக்கும் கூட்டாளியும், ஒருவகையில், பங்கை மறைப்பவரே.

கூட்டாளியின் உதவி பெருஞ்செயல்களில் அடங்கியதன்று. கொழுந்துக் கூடையை ஒருநாள் சேர்த்துச் சுமப்பது, பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குச் சோறிடுவது, மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது, முடி உதிர்ந்த தலையைக் கண்டு முகம் மாறாதிருப்பது, பேச விரும்பும்போது கேட்பது, விரும்பாதபோது வெறுமனே இருப்பது ஆகியவையே அவ்வுதவி. இத்தகைய துணையை ஒழுங்குபடுத்தி வழங்கும் அமைப்புகளும் நாட்டில் உள்ளன. 1966-இல் மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கமும், 1986-இல் மார்பகப் புற்றுநோய் நலச் சங்கமும் தோன்றின. நோயைக் கடந்து வந்த பெண்களே புதிதாக நோயுற்றோர்க்குத் துணைநிற்கும் முறை, பழைய நட்பின் புதிய வடிவமாகும்.

இவ்விடத்து ஒரு மிகையுரையைத் தவிர்த்தல் வேண்டும். நட்பு புற்றுநோயைக் குணப்படுத்துமா? 1989-இல் அமெரிக்க மருத்துவர் டேவிட் ஸ்பீகல் வெளியிட்ட ஆய்வு, முற்றிய மார்பகப் புற்றுநோயுடைய பெண்கள் குழுவாகக் கூடித் துயரைப் பகிர்ந்ததால் நீண்டநாள் வாழ்ந்தனர் என்று கூறிப் பெரும் நம்பிக்கையை எழுப்பியது. 235 பெண்களைக் கொண்டு நடத்தி 2001-இல் கனடாவிலிருந்து வெளியான ஆய்வோ, வாழ்நாள் நீளவில்லை என்று கண்டது. ஆனால், பகிர்ந்துகொண்டோரின் மனத்துயரும் உடல்வலியும் குறைந்தன என்பதை அதுவும் உறுதிசெய்தது. அறிவியல் இங்கே வள்ளுவரோடு உடன்படுகிறது. தவிர்க்க முடியாத அழிவை நட்புத் தடுக்காது. அதன் துன்பத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆதலின், நோயுற்றோர் மருந்தைக் கைவிட்டு நட்பை நம்புதல் பேதைமை. நட்பைக் கைவிட்டு மருந்தை மட்டும் நம்புதல் வறுமை.

உரைப்பதிலும் தேர்வு வேண்டும். நட்பாராய்தல் என்றோர் அதிகாரத்தை வள்ளுவர் வகுத்தது அதற்காகவே. கேட்டின் காலம் நண்பரை நீட்டி அளக்கும் கோல் என்றும், கேடுற்ற காலத்துக் கைவிட்டவர் நட்பு சாகும்போதும் நெஞ்சைச் சுடும் என்றும் அவ்வதிகாரம் அறிவுறுத்துகிறது. உரைத்த பின் விலகிச் செல்வோரும் உண்டு என்பதை வள்ளுவர் ஒளிக்கவில்லை. எவரிடமும் உரைக்க விரும்பாதவரின் விருப்பமும் மதிக்கத்தக்கதே. மௌனம் ஒருவர் தாமே தேர்ந்ததாயின் அது அவர் உரிமை. அச்சமும் நாணமும் திணித்த மௌனமே களையத்தக்கது.

முடிவுரை

தோட்ட வாழ்வின் வறுமையையும் குடியையும் துண்டாடலையும் குடியுரிமைச் சிக்கலையும் மலேசியத் தமிழ்ப் புனைகதை ஆழமாக எழுதிக் காட்டியுள்ளது. அது இன்னும் விரிவாக எழுத வேண்டிய காட்சி ஒன்று உண்டு. கியா பார்ம் போன்றதொரு மலையூரில், மாலைப் பனி இறங்கும் வேளையில், ஒருத்தி மற்றொருத்தியிடம், “அக்கா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்” என்று தொடங்கும் காட்சி அது. அதில் பாட்டில்லை, தியாகமில்லை, இறுதியில் வெளிப்படும் மர்மமும் இல்லை. எனினும், ஓர் உயிரின் காலமும் வலியும் அவ்வொரு வாக்கியத்தைச் சார்ந்திருக்கின்றன.

வகுப்பறையில் குறளின் ஆடை உவமையையும் சோழனின் வரலாற்றையும் கற்பிக்கும் ஆசிரியர், மனப்பாடத்தோடு நின்றுவிடாமல், உரைத்தலும் நட்பின் பாதியே என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கற்ற மாணவி, என்றேனும் ஒருநாள் தன் தாயின் முகவாட்டத்தைக் கண்டு, “அம்மா, என்ன செய்கிறது?” என்று கேட்பாளாயின், அப்பாடம் பயன்தந்ததாகும்.